செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி

எங்கள் சந்தையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. அதற்குள் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டுப் போட்ட மனிதரின் பெயர் ஒபிரி. பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று அடக்கி வைத்தால் அதுவரை என் நெஞ்சு தாங்காது.

நான் கெங்கே விற்பவள். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து, உருட்டி, சோள மட்டையில் சுற்றி, அண்டாவில் வேகவைக்க வேண்டும். தொட்டுக்கொள்ள அரைத்த மிளகாய், கடிக்கப் பொரித்த மீன். எங்கள் கடற்கரையில் இதைத் தின்னாமல் ஒருவனும் துடுப்பைத் தொடமாட்டான். என் அடுப்புக்கு எதிரே ஷோர்மேயின் அடுப்பு. மண்ணால் வட்டமாகக் கட்டியது. மேலே கம்பி வலை போட்டு, சாளை மீனைப் பரப்பி, காலையிலிருந்து சாயங்காலம் வரை புகை போடுவாள். அவள் புருஷன் பிடித்து வருவதை அவள் உலர்த்தி விற்றால்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு. அவள் உட்கார்ந்தால் அவன் வலையும் உட்கார்ந்துவிடும்.

இப்படி நெருப்போடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் என்ன செய்வது? முதுகில் துணியால் கட்டிக்கொள்வோம். எங்கள் அம்மாக்கள் கட்டினார்கள், நாங்களும் கட்டினோம். முதுகில் இருக்கும்வரை பிள்ளை பத்திரம். தவழ ஆரம்பித்த பிறகுதான் வினை. பிள்ளைக்குத் தவழத் தெரிகிறது, நெருப்பு எதுவென்று தெரிவதில்லை. அதனால் ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி காலியான மீன் கூடைக்குள் உட்கார வைத்தாள். ஒருத்தி ஏழு வயது மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் காவலுக்கு வைத்தாள். ஷோர்மே தன் மகள் அமர்லேயின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மீன் மேசையின் காலில் முடிந்தாள்.

கயிறு அளவாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மீன் வரத்து அதிகம், கூட்டம் மேசையை இடித்து இடித்து அடுப்புப் பக்கம் நகர்த்திவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நானும் எதிரில்தான் இருந்தேன், நானும் கவனிக்கவில்லை. குழந்தை வீறிட்ட பிறகுதான் திரும்பினோம். வலது உள்ளங்கை முழுக்க வெந்துவிட்டது. புண் ஆறியபோது மூன்று விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. இன்றைக்கும் அந்தக் கையால் அவள் கெங்கேயை இடுக்கித்தான் பிடிக்கிறாள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, அதன் கடைசி வருஷம். எங்கள் மீன் ராணி அயோர்க்கோர் நேராக வெள்ளைக்கார அதிகாரியிடம் போனாள். ராணி என்றால் கிரீடம் வைத்தவள் இல்லை. எங்கள் சந்தையில் தக்காளிக்கு ஒரு ராணி, சேனைக்கு ஒரு ராணி, மீனுக்கு ஒரு ராணி உண்டு. அவள் விற்காதே என்றால் அந்தப் பொருள் ஒன்றுகூடக் கைமாறாது. சுங்கச் சாவடிக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையைப் பிள்ளைகளுக்குக் கொடு என்று கேட்டாள். அவன் பார்க்கலாம் என்றான். இவள் துரைமார் வீட்டுச் சமையல்காரர்களுக்கு மீன் கிடையாது என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரம் தகர டப்பா மீனைத் தின்று பார்த்தான். அறையின் சாவி வந்தது.

டெடேய் என்று ஒருத்தி, முன்பு தையல் கடை வைத்திருந்தவள், அறையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். நாங்கள் பாய் கொண்டுவந்தோம். நான் தினமும் கெங்கே கொடுத்தேன், ஷோர்மே மீன் கொடுத்தாள், தக்காளிக்காரிகள் தக்காளி. விடியுமுன் பிள்ளையை டெடேயிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு அடுப்புக்கு வந்த முதல் நாள் எனக்கு நடையே மறந்துவிட்டது. முதுகில் பாரமில்லாமல் எப்படி நிமிர்வது என்று தெரியவில்லை. ஷோர்மே அந்தக் கயிற்றை மீன் கூடை கட்ட எடுத்துக்கொண்டாள். "இது இனிமே என் புள்ளை மேல படாது" என்றாள்.

பிறகு சுதந்திரம் வந்தது. ஆடினோம், பாடினோம், தொண்டை கட்டும்வரை கத்தினோம். வெள்ளைக்காரன் போனான். அவன் நாற்காலிக்கு ஒபிரி வந்தார். உள்நாட்டுக்காரர், காட்டுப் பக்கம். கடலைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போல. அது தப்பில்லை. கற்றுக்கொள்ளலாம். ஆனால் இவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் சந்தைச் சந்தில் மீன் தண்ணீர் ஓடும். செதில் ஒட்டும். நாற்றமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒபிரி முதல் முறை வந்தபோது ஷூ நனைந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சந்து காய்ந்து கிடக்கிறது, நாற்றமில்லை, நெரிசலில்லை. அந்த நாளில் வந்து சுற்றிப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை.

எங்கள் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை எந்தப் படகும் கடலில் இறங்காது. அது கடலின் நாள். கடலை அன்றைக்கு நிம்மதியாக விட்டுவிட வேண்டும். தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். படகு இல்லையென்றால் மீன் இல்லை, மீன் இல்லையென்றால் அடுப்பு இல்லை. அன்றைக்கு வலை தைப்பார்கள், வழக்குத் தீர்ப்பார்கள், நாங்கள் வீட்டில் துணி துவைத்து, பிள்ளைகளுக்குத் தலை பின்னுவோம். டெடேயும் அன்றைக்குத்தான் அறையைப் பூட்டிவிட்டுப் பாய்களைக் கழுவி வேலியில் காயப் போடுவாள். ஒபிரி ஒவ்வொரு செவ்வாயும் வந்தார், பூட்டைப் பார்த்தார், காயும் பாயைப் பார்த்தார், போனார். மழைக்காலம் முழுக்க இப்படி வந்து போயிருக்கிறார். இந்த அறையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று சந்தைக் குழுவில் போய்ச் சொல்லியிருக்கிறார். குழுவும் தலையாட்டியிருக்கிறது. அதில் ஒரு பெண்கூடக் கிடையாது.

ஒரு புதன்கிழமை விடியலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். கதவில் புதுப் பூட்டு. டெடேய் வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த சாவி சேரவில்லை. சந்தைக் காவலாளி சொன்னான், "உள்ள நாற்காலி வெச்சிருக்காங்க. விழாவுக்குப் பெரிய மனுஷங்க வந்தா உக்கார்ற நாற்காலியாம். மழையில நனையக் கூடாதாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவப்புத் துணி தைத்த நாற்காலிகள், கூரை வரைக்கும். எங்கள் பிள்ளைகள் தூங்கிய இடத்தில் நாற்காலிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"மொதல்ல மரியாதையா போய்ப் பேசுவோம். நம்ம ஆளு, நம்ம ஆட்சி. சொன்னா புரிஞ்சுக்குவாரு" என்றாள் அயோர்க்கோர். ராணி, ஷோர்மே, டெடேய், நான், நாலு பேரும் போனோம்.

ஒபிரி உட்காரச் சொல்லவில்லை. "அந்த அறையா? அதுல யாரு வர்றா? நான் எத்தனை தடவை வந்து பாத்திருக்கேன். எப்பவும் பூட்டியே கிடக்கு."

"எந்தக் கிழமை சார் வந்தீங்க?" என்று டெடேய் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு செவ்வாயும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். டெடேய் என்னைப் பார்த்தாள், அவளுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் பிள்ளைகளே இல்லை என்று எழுதுகிற ஆளை என்ன செய்வது?

அயோர்க்கோர் எங்களை முறைத்துவிட்டுப் பணிவாகவே சொன்னாள். "ஐயா, செவ்வாக்கெழமை நாங்க யாரும் வேலைக்கு வர்றதில்லை. அன்னிக்குக் கடலுக்கு ஓய்வு. இப்போ எங்ககூட வாங்க, பாருங்க. புள்ளைங்க எல்லாம் அடுப்பைச் சுத்தி நிக்குதுங்க."

"கடலுக்கு லீவா?" என்றார் அவர். நாங்கள் சிரித்தது அவருக்குக் குத்திவிட்டது. முகம் கறுத்துவிட்டது. "இந்த மூடநம்பிக்கையை எல்லாம் வெச்சுக்கிட்டுத் தேசத்தை எப்படி முன்னேத்தறது? குழு முடிவு பண்ணிருச்சு. அடுத்த வருஷம் மனு கொடுங்க, பாக்கலாம். அப்புறம் இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் புள்ளை வெச்சிருக்கிறவ வீட்டுல இருக்கணும். என் சம்சாரம் வீட்டுலதான் இருக்கா."

அவர் சம்சாரம் வீட்டில்தான் இருந்தாள். அது எங்களுக்கும் தெரியும். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கி, குளிப்பாட்டி, தூங்கவைக்க அவர்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். அவள் என்னிடம்தான் கெங்கே வாங்க வருவாள். அவளுக்கும் ஒரு மகன் உண்டு, பால் மறக்காத வயதில் ஊரில் விட்டுவிட்டு வந்தவள். அவன் யாரிடம் வளர்கிறான் என்று ஒபிரி ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். ஊட்டுகிறவளின் பிள்ளை எப்படி வளர்கிறது என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

வெளியே வந்ததும் நான் ராணியைப் பிடித்துக்கொண்டேன். "மீனை நிறுத்துங்கக்கா. வெள்ளைக்காரனுக்குச் செஞ்சதை இவனுக்கும் செய்யுங்க."

"இவரு மீனே திங்கிறதில்லடீ. மாட்டுக்கறி திங்கிறவரு" என்றாள் அயோர்க்கோர். "இப்போ சாளை சீசன். நிறுத்தினா நம்ம புள்ளைங்கதான் பட்டினி கிடக்கும்." வெள்ளைக்காரனிடம் பிடுங்கியதை நம்மவனிடம் பறிகொடுத்துவிட்டு நின்றோம்.

ஷோர்மே அமர்லேயை முதுகில் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் போனாள். இரண்டரை வயதுப் பிள்ளை முதுகில் எவ்வளவு நேரம் இருக்கும்? உதைத்தது, இறக்கு இறக்கு என்று கத்தியது. புகையில் தாயும் மகளும் சேர்ந்து இருமினார்கள். குனிந்து மீனைத் திருப்பும்போதெல்லாம் பிள்ளையின் தலை நெருப்புக்கு நேரே வந்தது. வீட்டில் இருக்கவும் வழியில்லை. மூன்று நாள் அடுப்பு எரியாவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாம் என்பது அதே சந்தைக் குழுவின் சட்டம். வீட்டில் இரு என்று சொல்கிறவர்களே எழுதிய சட்டம்!

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். படகுகள் நிறைய மீனோடு வந்திருந்தன. ஷோர்மே கூடையைத் தூக்க முதுகுத் துணியை அவிழ்த்துப் பிள்ளையை ஒரு நிமிஷம் கீழே விட்டாள். நான் மட்டை சுற்றிக்கொண்டே பார்த்தேன், அமர்லே என் அண்டாவைப் பார்த்து ஓடி வருகிறாள். வெந்த மட்டையின் வாசனை அவளுக்குப் பிடிக்கும். அந்த ஒட்டிய விரல்களை நீட்டிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்த மாவோடு பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். அண்டாவுக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம்கூட இல்லை.

நிமிர்ந்து பார்த்தால், ஷோர்மே மீன் கூடையிலிருந்து அந்தப் பழைய கயிற்றை உருவிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாண்டீ! மறுபடியும் அந்தக் கயிறா? பாவி, இவளை என்கிட்ட விடு, நான் தூக்கிக்கிறேன்!" என்று கத்தினேன்.

"எத்தனை நாளைக்குத் தூக்குவீங்க கெங்கே அக்கா?" என்றாள். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்தாள், கயிற்றைத் தோளில் போட்டாள், மீனை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். அடுப்பு மீனை அப்படியே விட்டு ஒருத்தி நடந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். பார்த்தது. நான் என் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மிளகாய்க்காரி தன் குழந்தையோடு வந்தாள், தக்காளிக்காரிகள் வந்தார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒபிரி தன் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். ஷோர்மே வணக்கம் சொன்னாள். அவர் காலடியில் குனிந்து, கயிற்றின் ஒரு முனையை அவருடைய மேசைக்காலில் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையை அமர்லேயின் இடுப்பில் முடிந்தாள். நிமிர்ந்தாள்.

"ஐயா, சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் துள்ளி எழுந்தார். "ஏய்! என்ன பண்றே? புள்ளையை ஆடு மாதிரி கட்டறியே! ஈவு இரக்கம் இல்லை? நீயெல்லாம் ஒரு தாயா?"

ஷோர்மே கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகப் பிள்ளையின் வலது கையை எடுத்து, அவர் மேசையின் மேல் வைத்து, விரிகிற வரைக்கும் விரித்துக் காட்டினாள்.

"ஆட்டைப் புல்லு இருக்கிற இடத்துல கட்டுவாங்கய்யா. நான் நெருப்புக்குப் பக்கத்துல கட்டினேன். தாயான்னு கேட்டீங்களே, இதை நானே என்னை எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? கட்டாம இருக்கிறதுக்கு ஒரு ரூம் இருந்துச்சு. அதுல நீங்க நாற்காலியைத் தூங்க வெச்சிருக்கீங்க. இப்போ நீங்களே சொல்லுங்க, யாருக்கு ஈவு இரக்கம் இல்லை?"

அவர் அந்தக் கையைப் பார்த்தார். உடனே வேறெங்கோ பார்த்தார். ஷோர்மே திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். அமர்லே அழவில்லை. அவளுக்குக் கயிறு பழக்கம். கீழே உட்கார்ந்து அவருடைய வெள்ளை ஷூவின் நாடாவை இழுக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் என்ன, நான் என் மகனை அவர் நாற்காலியில் உட்கார வைத்தேன். மிளகாய்க்காரி தன் கைக்குழந்தையை ஃபைல்களின் மேல் படுக்க வைத்தாள். ஒவ்வொருத்தியாக இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வர்றோம் சார், சாயங்காலம் வர்றோம் சார் என்று சொல்லிக்கொண்டே வெளியேறினோம். டெடேய் கடைசியாகப் போனாள். "அந்தச் சின்னது பசிச்சா கடிக்கும் சார், விரலைப் பாத்துக்குங்க" என்றாள்.

போலீஸ்காரனைக் கூப்பிட்டார். வந்தவன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். ஃபைல் மேல் கிடந்த குழந்தை அவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தது. அவன் மிளகாய்க்காரியின் புருஷன். "சார், இது நம்ம புள்ளை சார்" என்றான். கைது செய்யச் சொன்ன குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். இதைக் காவலாளி வந்து சொன்னபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் என் அண்டா தண்ணீர் வற்றியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆனால் ஷோர்மே சிரிக்கவில்லை. அடுப்பின் முன் நின்று மீனைத் திருப்பிக்கொண்டே அழுதாள். "மறுபடியும் கட்டிட்டேனே அக்கா" என்றாள். புகையால் என்று சொல்லக்கூட அவள் முயலவில்லை. நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஒபிரிக்கு அது அந்த ஒரு மத்தியானத்திலேயே தெரிந்துவிட்டது. மையைக் கொட்டினார்களாம். மேசைக்கடியில் ஒண்ணுக்குப் போனார்களாம். ஒன்று அழ, பார்த்து எல்லாம் அழ, அவர் டெடேயைக் கூட்டி வரச்சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினார். "சாவி இல்லாம நான் எங்க வெச்சுப் பாத்துக்கறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டு அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து கெங்கே தின்றாள். வெயில் தாழ்வதற்குள் சிவப்பு நாற்காலிகள் வெளியே வந்தன. சாவியும் வந்தது.

மன்னிப்பு வரவில்லை. அதற்குப் பதிலாகச் சில வாரம் கழித்து ஒரு பலகை வந்தது. பளபளவென்று பித்தளை. "உழைக்கும் தாய்மார்களின் நலன் கருதி, சந்தைக் குழுவின் பெருங்கருணையால், கண்காணிப்பாளர் ஒபிரி அவர்களின் முயற்சியில் அமைக்கப்பட்ட குழந்தைகள் காப்பகம்." பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். வாத்தியாரே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது, முதல் முறை எங்களால் நம்ப முடியவில்லை. அயோர்க்கோர் பேர் இல்லை. டெடேய் பேர் இல்லை. பாய் போட்டவள், சோறு போட்டவள், ஒருத்தி பேரும் இல்லை.

ஷோர்மே ஒரு பெரிய ஆணி கொண்டுவந்தாள். பலகைக்குக் கீழே சுவரில் அடித்தாள். அந்தக் கயிற்றை, மேசைக்காலிலிருந்து உருவிய முடிச்சோடு, அதில் மாட்டினாள்.

ஒபிரி திறப்பு விழாவுக்கு வந்தார், இந்த முறை புதன்கிழமை, மீன் தண்ணீரில் கால் வைத்து. சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கயிற்றைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இதை எடுத்துரும்மா. பெரிய மனுஷங்க வர்ற இடம், அசிங்கமா இருக்கு" என்றார்.

ஷோர்மே அமர்லேயை டெடேயிடம் கொடுத்துவிட்டு, அடுப்புக்குத் திரும்பியபடியே சொன்னாள்.

"மொதல்ல பலகையை எடுங்கய்யா. நான் கயித்தை எடுக்கறேன்."

இரண்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.